பிளேன் பார்க்க ஒரு மலை

"அண்ணை, லொத்தர் ஏதும் விழுந்ததோ?" என்று கேட்டான் எங்கள் கடையில் கொத்துரொட்டி போடுகிற தம்பி. தை மாதக் கடைசியில் மூன்று நாள் குர்ஷெவெல் பக்கம் போகப்போகிறேன் என்று சொன்னதற்குத்தான் இந்தக் கேள்வி. அவனைப் பிழை சொல்ல முடியாது. குர்ஷெவெல் என்றால் பிரான்சில் எவருக்கும் முதலில் ஞாபகம் வருவது காசு. ஆல்ப்ஸ் மலையில், சவ்வா மாவட்டத்தில், 1946 இல் பனிச்சறுக்குக்காகவே கட்டத் தொடங்கிய ஊர். இளவரசர்களும் கோடீஸ்வரர்களும் போகிற இடம். லாச்சப்பலில் இருந்து எங்கட ஆட்கள் யாராவது அங்கே போயிருந்தால் ஹோட்டல் குசினியில் கோப்பை கழுவத்தான் போயிருப்பார்கள்.

நான் சறுக்கவும் போகவில்லை, கழுவவும் போகவில்லை. பிளேன் படம் எடுக்கப் போகிறேன்.

வீட்டில் சொன்னபோது மனிசி அடுப்பில் இருந்து கண்ணை எடுக்கவில்லை. "உங்களுக்கென்ன விசரே? பிளேன் பாக்கிறதெண்டால் ருவாசியில நிண்டு பாருங்கோவன். நவிகோ கார்ட்டோட போய் வரலாம், ஒரு சதம் செலவில்லை."

ஞாயமான கதை. பத்து வருசத்துக்கு மேலாக அதைத்தான் செய்துவருகிறேன். கடை பூட்டுகிற நாளில் கார் து நோரில் ஆர்.ஈ.ஆர். 'பி' பிடித்து, ஒரு பணிஸ், ஒரு போத்தல் தேத்தண்ணி, ஒரு பழைய நிக்கோன் டி7200 கமரா, அதைவிடப் பாரமான 200-500 லென்ஸ். இப்படி வேலியோரம் நிற்கிறவர்களை இங்கே ஸ்பொட்டர் என்பார்கள். ஓய்வுபெற்ற வெள்ளைக்காரக் கிழவர்கள், பள்ளிக்கூடப் பெடியன்கள், வேலையில்லாத ஒன்றிரண்டு பேர். கறுத்த தோலோடு நான் ஒருவன். நீண்ட லென்ஸைத் தூக்கிக்கொண்டு ஒரு விமான நிலைய வேலியோரம் நிற்கிற என் நிறத்துக்காரனைப் பார்த்தால் சீருடைக்காரர் என்ன நினைப்பார்கள் என்று நான் சொல்லத் தேவையில்லை. ஒருமுறை இருவர் வந்து பேப்பர் கேட்டார்கள். காட்டினேன். கமராவைக் கேட்டார்கள். காட்டினேன். எழுபது படத்திலும் வால், செட்டை, சில்லு. அதில் ஒருவருக்கு ஏ380 படம் பிடித்துப்போய், தனக்கு அனுப்பமுடியுமா என்று கேட்டார்.

சரி, குர்ஷெவெல் கதைக்கு வருகிறேன்.

கடல்மட்டத்தில் இருந்து 2,008 மீற்றர் உயரத்தில் அங்கே ஒரு விமானத்தளம் இருக்கிறது. 1960களின் தொடக்கத்தில் திறந்தது. பிரெஞ்சுக்காரர் இந்தவகைத் தளத்துக்கு 'அல்தீபோர்' என்று தனிப்பெயரே வைத்திருக்கிறார்கள். ஓடுபாதையின் நீளம் 537 மீற்றர். ருவாசியில் பெரிய ஓடுபாதை 4,200 மீற்றர். 537 மீற்றர் என்றால் லாச்சப்பல் மெத்ரோ வாசலில் இருந்து கார் து நோர் முன்வாசல் மட்டும் நடக்கிற தூரம், கொஞ்சம் கூடக்குறைய. அதுவும் சமதரை இல்லை. ஏறுகிற பாதை. மிகச் சரிவான இடத்தில் 18 சதவீதத்துக்கு மேல். நூறு மீற்றர் போனால் பதினெட்டு மீற்றர் ஏறவேண்டும். ஒரு வீதியை அப்படியே தூக்கி மலையில் சாத்திவைத்த மாதிரி.

விமானம் கீழிருந்து வந்து மலையில் ஏறி இறங்கும் (இந்த வசனத்தைத் தமிழில் எழுதவே சிரிப்பாக இருக்கிறது). புறப்படும்போது மேலிருந்து சரிவில் உருண்டு பள்ளத்தாக்குக்குள் பாயும். இறங்க வருகிற விமானி ஓர் எல்லையைத் தாண்டிவிட்டால் மனதை மாற்றித் திரும்பப் பறக்க முடியாது, முன்னால் மலை. அதனால் தனியாக அனுமதி எடுத்த விமானிகளுக்கு மட்டும்தான் அங்கே இறங்க விடுவார்கள்.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடத்தோடு நின்றுபோன என் பௌதிகத்துக்கு இவ்வளவு காலத்துக்குப் பிறகு ஒரு வேலை கிடைத்தது. ஓர் இரவு கடை முடிந்து வந்து மகளின் கொப்பியில் கணக்குப் போட்டுப்பார்த்தேன். 18 சதவீதச் சரிவு என்றால் ஏறத்தாழப் பத்துப் பாகை. புவியீர்ப்பில் ஆறில் ஒரு பங்குக்குச் சற்று மேல், ஒரு செலவும் இல்லாமல் பிரேக் பிடித்துத் தருகிறது. புறப்படும்போது அதே அளவு தள்ளிவிடுகிறது. மறுபக்கம் 2,000 மீற்றர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் இருப்பதில் 82 சதவீதம் அளவில்தான். செட்டைக்குப் பிடிப்புக் குறைவு, எஞ்சினுக்கு மூச்சுக் குறைவு. அதே தூக்குவிசைக்குப் பத்து சதவீதம் கூடுதல் வேகம் வேண்டும். மலை ஒரு கையால் எடுப்பதை மற்றக் கையால் கொடுக்கிறது. மகள் எட்டிப் பார்த்து "அப்பா, இது எனக்குத் தந்த வீட்டுவேலை இல்லையே" என்றாள்.

ஆனால் கணக்குக்காக நான் போகவில்லை. யாழ்ப்பாணத்தான் எனக்கு மலையைப் பற்றி என்ன தெரியும்? எங்கள் ஊரில் கீரிமலையில் மட்டும்தான் மலை இருந்தது, அதுவும் பெயரில். விஷயம் வேறு. பிறந்ததில் இருந்து விமானம் எனக்கு மேலேதான் இருந்திருக்கிறது. நான் கீழே. குர்ஷெவெல் ஓடுபாதையின் மேல்முனையில் நின்றால் புறப்படுகிற விமானம் எனக்குக் கீழே ஓடும், எனக்குக் கீழே காற்றில் ஏறும். அதன் முதுகைப் பார்க்கலாம்.

இது ஏன் இவ்வளவு பெரிய விஷயம் என்று அந்தக் காலத்தில் அங்கே இருந்தவர்களுக்கு விளக்கவேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எங்களுக்கு விமானங்களின் பெயரைப் புத்தகம் சொல்லித்தரவில்லை, காது சொல்லித்தந்தது. சியாமா செட்டி என்று சனம் சொன்னது இத்தாலியில் செய்த சியாய் மார்க்கெற்றி எஸ்.எப்.260. நல்ல தமிழ்ச் செட்டியார் பெயர் மாதிரி இருக்கும், குண்டு போடும். பிறகு 1990களின் தொடக்கத்தில் சீன ஜெற், அதைச் சுப்பர்சொனிக் என்றோம். 1993 இல் ஆர்ஜென்ரீனாவின் புக்காரா. 1996 இல் கிபிர். அப்போது நாங்கள் 1995 ஐப்பசி இடப்பெயர்வில் வெளிக்கிட்டு வன்னியில். கிபிர் என்றால் சத்தம் வரும்போது காரியம் முடிந்திருக்கும்.

எங்கள் வளவில் பெரியம்மாவின் மகன், என்னைவிட நாலு வயது மூத்தவன், பங்கருக்குள் இறங்கமாட்டான். எல்லாரும் 'எல்' வடிவக் கிடங்குக்குள் குந்தியிருக்க அவன் மட்டும் முருங்கைக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்துச் சொல்லிக்கொண்டிருப்பான். "சுத்துறான்... சுத்துறான்... வடக்கால பதியிறான்... இஞ்ச இல்லை, அங்கால குத்துறான்." குத்துகிறான் என்றால் குண்டு போட மூக்கைக் கீழே நீட்டிவிட்டான் என்று அர்த்தம். உள்ளே இருக்கிற கிழவிகளுக்கு அவன்தான் வானொலி. எனக்கு எஞ்சின் சத்தத்தைப் பிரித்துச் சொல்லப் பழக்கியதும் அவன்தான். சில்லுப் போட்டது, போடாதது, ஒரு எஞ்சின், இரண்டு எஞ்சின். இன்றைக்கும் கடையில் வெங்காயம் வெட்டிக்கொண்டிருக்கும்போது மேலே போவது ஹெலியா ரேர்போபுறொப்பா என்று பார்க்காமலே சொல்லுவேன்.

ஒரேயொரு முறை சனம் கிடங்கை விட்டு வெளியே ஓடிவந்து விமானத்துக்குக் கை காட்டியதைக் கண்டிருக்கிறேன். 1987 ஆனி 4. இந்திய விமானப்படையின் ஐந்து அன்ரனோவ்-32 விமானங்கள், காவலுக்கு மிராஜ் 2000, யாழ்ப்பாணத்துக்கு மேலே உணவுப்பொதி போட்டன. அப்போது எனக்கு எட்டு வயது. அதன் பிறகு வந்த மாதங்களில் நடந்ததெல்லாம் வேறு கதை, இங்கே வேண்டாம். அந்தப் பின்னேரம் மட்டும் வானத்தைப் பார்க்கச் சந்தோசமாக இருந்தது.

பாரிசுக்கு வந்த முதல் ஆடி மாதம், 2004 இல், எனக்கு இங்கத்தைய 14 ஆம் திகதி விசேஷம் தெரியாது. ஒரு றெஸ்ரோறன்றில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். தலைக்கு மேலால் ஜெற் கூட்டம் போனது. அடுத்த நிமிடம் நான் கழுவுகிற தொட்டிக்குக் கீழே குந்தியிருக்கிறேன், தலையில் கை. கூட வேலைசெய்த அல்ஜீரியக்காரக் கிழவர் முதலில் சிரித்தார், பிறகு சிரிப்பை நிறுத்தினார். கையைப் பிடித்து எழுப்பி, ஒரு கோப்பி போட்டுத் தந்தார். எந்த நாடு என்று கேட்கவில்லை.

அப்படிப்பட்டவன் எப்படிக் கமராவோடு வேலியோரம் போனான் என்று என்னிடமே பலர் கேட்டிருக்கிறார்கள். நேரான பதில் இல்லை. 2013 இல் மகள் பிறந்தபோது அவளைப் படம் எடுக்கத்தான் முதல் கமரா வாங்கினேன். அந்த வருடம் லு பூர்ஜே விமானக் கண்காட்சிக்கு நண்பன் ஒருவன் ரிக்கற் தந்தான். போனேன். அங்கேயுள்ள விமான அருங்காட்சியகத்தில் மிராஜ் வகை ஒன்றின் முன்னால் கால் நகராமல் நின்றுவிட்டேன். அந்த முக்கோணச் செட்டையை நான் அறிவேன். பிறகு வாசித்துத்தான் தெரிந்தது, கிபிர் என்பது இந்தப் பிரெஞ்சு மிராஜ் 5 இன் உடம்பில் அமெரிக்க எஞ்சின் பூட்டி இஸ்ரேல் செய்தது. புக்காராவின் இரண்டு எஞ்சினும் பிரெஞ்சு எஞ்சின். எனக்கு அடைக்கலம் தந்த நாட்டின் கைவேலையை நான் ஊரிலேயே சத்தத்தால் தெரிந்துவைத்திருந்திருக்கிறேன். இதைக் கோபமாகச் சொல்லவில்லை. ஆயுதம் செய்கிறவன் விற்பான், அகதி எங்கே இடம் கிடைக்குமோ அங்கே போவான்.

இன்னொரு நாள், பாரிசுக்குத் தெற்கே லா பெர்த்தே அலேயில் பழைய விமானங்களின் விழா. வருடாவருடம் பெந்தெகொஸ்து விடுமுறையில் நடக்கும். புல்தரையில் ஒரு சின்ன விமானம், செட்டை நுனி இரண்டிலும் எண்ணெய்த் தாங்கி, பளபளவென்று சிவப்பு. பக்கத்தில் நின்ற கிழவர் "எவ்வளவு வடிவான மெஷின்!" என்றார். சியாமா செட்டி. முப்பது வருசமாக அதன் வயிற்றை மட்டும் கண்டவன், அன்றைக்குத்தான் அதன் முகத்தைக் கண்டேன். கிழவர் சொன்னது உண்மை. வடிவான விமானம்தான். ஸ்தெலியோ பிராத்தி என்கிற இத்தாலியர் வரைந்தது. அன்றைக்கு நாற்பது படம் எடுத்தேன். ஒன்றையும் வீட்டில் காட்டவில்லை.

நேபாளத்தின் லுக்லாவைப் பற்றி எல்லாருக்கும் தெரியும், எவரெஸ்ற்றுக்குப் போகிறவர்கள் இறங்குகிற இடம், 527 மீற்றர் ஓடுபாதை. பூட்டானின் பாரோ இன்னொன்று. எங்கள் கனவுப்பட்டியலில் இரண்டும் இருக்கின்றன, ஆனால் கனவுக்கு விசா கேட்பார்கள். ஒஸ்ரியாவின் இன்ஸ்புறுக் கிட்ட இருக்கிறது, குளிர்காலத்தில் பெரிய விமானங்கள் மலைகளுக்கு நடுவே வளைந்து இறங்குவதைப் பார்க்கலாம். போகத் தடையில்லை. ஆனால் எல்லையில் பஸ்ஸை மறித்துப் பொலிஸ் ஏறும்போது என் பயணப் பத்திரத்தைத் திருப்பித்திருப்பிப் பார்ப்பார்களே, அந்தப் பத்து நிமிடத்தை விடுமுறையில் அனுபவிக்க எனக்கு விருப்பமில்லை. குர்ஷெவெலுக்கு எல்லை கடக்கத் தேவையில்லை. (ஜேம்ஸ் பொண்ட் படத்தில் வந்த மலை ஓடுபாதை குர்ஷெவெல்தான் என்று எங்கள் ஸ்பொட்டர் கூட்டத்திலேயே சத்தியம் பண்ணுகிறவர்கள் உண்டு. 1997 இல் வந்த அந்தப் படத்தின் காட்சியை எடுத்தது பிரனே மலையில், பெராகுட் தளத்தில்.)

அந்தப் பயணப் பத்திரத்தில் எந்த நாட்டுக்குப் போகமுடியாது என்றும் எழுதியிருக்கிறது. ஒரே நாடு. அங்கே பலாலி இருக்கிறது. 1947 மார்கழி 10 இல் எயார் சிலோனின் முதல் விமானம் இரத்மலானையில் இருந்து பலாலி வழியாகத்தான் சென்னைக்குப் போனது. எங்கள் காலத்தில் அது பெயரைக் கேட்டாலே பயப்படுகிற இடம். 2019 ஐப்பசி 17 இல் யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம் என்று பெயர் மாற்றித் திறந்தார்கள். கொரோனாவில் நின்ற சென்னை விமானம் 2022 மார்கழியில் திரும்ப வந்தது. வருவது ஏ.ரி.ஆர். 72. துலூஸில், இந்த நாட்டில், கட்டிய விமானம். ஊரில் இருக்கிற மச்சான் ஒருநாள் போனில் படம் அனுப்பினான். பனைமரத்துக்கு மேலால் ஏ.ரி.ஆர். இறங்குகிறது. வெளிச்சம் பிழை, போக்கஸ் இல்லை, செட்டை பாதி வெட்டுப்பட்டிருக்கிறது. என்னிடம் இருக்கிற பதினையாயிரம் படத்தில் ஒன்றுகூட அதற்குக் கிட்ட வராது.

இனித் திட்டம். முதல் தடை பத்ரோன். லாச்சப்பல் கடையில் சனி, ஞாயிறு லீவு கேட்பது கோயில் தேர் அன்றைக்கு ஐயர் லீவு கேட்பது மாதிரி. புறநகரில் இருந்தெல்லாம் சனம் சாமான் வாங்க வந்து, சாப்பிட்டுப் போகிற நாள். "பொங்கல் கிழமை முழுக்க ஒருநாளும் நிக்காமல் வேலை செய்யிறன் அண்ணை, அதுக்குப் பிறகு மூண்டு நாள் தாங்கோ" என்றேன். கல்லாவில் இருந்து நிமிர்ந்து பார்த்தார். "பிளேன் படமோ? கலியாணவீட்டுப் படம் எடுத்தாலும் நாலு காசு வருமே தம்பி." ஆனால் தந்தார்.

மாசியில் போவதுதான் விமானத்துக்கு நல்லது, பள்ளிக்கூட விடுமுறையில் மலை நிறைந்துவிடும். ஆனால் அப்போது அறை வாடகையும் மலையில் ஏறிவிடும். அதனால் தைக் கடைசி. சனி விடிய கார் து லியோனில் ரி.ஜே.வே. பிடித்து ஷாம்பெரியில் இறங்குவேன். அங்கே ஏரிக்கரையில் ஒரு விமான நிலையம், பக்கத்து ஊரின் பெயர் லு பூர்ஜே து லாக். (பாரிஸ் லு பூர்ஜேயில் தொடங்கிய பைத்தியம் இன்னொரு லு பூர்ஜேக்குக் கூட்டிக்கொண்டு போகிறது.) குளிர்காலச் சனிக்கிழமைகளில் பிரித்தானியாவில் இருந்து சறுக்கப் போகிறவர்களை ஏற்றிக்கொண்டு ஒன்றன்பின் ஒன்றாக வந்து இறங்கும். குர்ஷெவெலில் பெரிய ஜெற் இறங்க முடியாததால் தனி விமானக்காரரும் இங்கே இறங்கி ஹெலியிலோ காரிலோ மேலே போகிறார்கள். பின்னேரம் மட்டும் நின்றுவிட்டு, உள்ளூர் ரயிலில் முத்தியே. அறை முத்தியேயில்தான். குர்ஷெவெலில் ஓர் இரவுக்குக் கேட்கிற காசுக்கு நான் லாச்சப்பலில் ஒரு மாதம் சாப்பிடுவேன். ஞாயிறு விடிய முதல் பஸ்ஸில் மலை. இடதும் வலதுமாக வளைந்து ஏறுகிற ரோட்டு, எனக்குச் சத்தி வரும், இஞ்சி கொண்டுபோகிறேன்.

மேலே எல்லாம் கண்பார்வையை நம்பித்தான் பறக்கிறார்கள். கருவியைப் பார்த்து இறங்குகிற வசதி இல்லை. மேகம் மூடினால் ஒரு பிளேனும் வராது. திங்கள் காலையை மேலதிகமாக வைத்திருப்பது அதற்குத்தான். ஓடுபாதை 22 ஆம் இலக்கம், இறங்குகிற விமானத்தின் மூக்குத் தென்மேற்கைப் பார்க்கும். காலைச் சூரியன் தென்கிழக்கில். ஆகவே விமானத்தின் இடதுபக்கம் நிற்கவேண்டும், சூரியன் என் முதுகில். வருவதெல்லாம் பெரும்பாலும் காத்தாடிக்காரன்கள், ஹெலிகள். ஷட்டரை 1/1000 இல் வைத்தால் காத்தாடி உறைந்து, கட்டித் தொங்கவிட்ட பொம்மை மாதிரி இருக்கும். 1/200 க்குக் கீழே இறக்கவேண்டும், கையோ குளிரில் நடுங்கும். வெள்ளைப் பனி கமராவை ஏமாற்றும், எல்லாவற்றையும் சாம்பல் ஆக்கிவிடும், ஒன்றரைப் படி கூட்டிவைக்கவேண்டும். பற்றறி குளிரில் சாகும். இரண்டு மேலதிகப் பற்றறி, உள்சட்டைப் பொக்கற்றில், நெஞ்சுச் சூட்டில்.

முருங்கைக்குக் கீழே நின்றவன் இப்போது ரொறன்ரோவில் இருக்கிறான். அங்கே ஒவ்வொரு வருடமும் புரட்டாதித் தொடக்கத்தில், தொழிலாளர் தின விடுமுறையில், ஏரிக்கு மேலே விமானச் சாகசம் நடக்கும். அந்த மூன்று நாளும் யன்னல் திரையை இழுத்து மூடிவிட்டு, ரீவியைக் கூட்டி வைத்துக்கொண்டு இருப்பான். அன்றைக்கு வானத்துக்குக் கீழே தனியாக நின்றவன் அவன், கிடங்குக்குள் கண்ணை மூடிக்கொண்டு இருந்தவன் நான். இன்றைக்கு மாறி இருக்கிறது. இதை எந்தப் பௌதிகத்தாலும் எனக்குக் கணக்குப் போட முடியவில்லை.

போன கிழமை அவனோடு கதைத்தேன். மலை, சரிவு, ஓடுபாதை எல்லாம் சொன்னேன். கனநேரம் பேசாமல் இருந்தான்.

"படத்தை மட்டும் அனுப்பு. வீடியோ அனுப்பாத. எனக்குச் சத்தம் வேண்டாம்."

"சரி அண்ணை."

"மேல நிண்டோ எடுப்பாய்?"

"ஓம். மேலால."

"அப்ப முதுகு தெரியும் என்ன?"

"தெரியும்."

"எழுத்துக் கிழுத்து இருந்தால் வாசிக்கிற மாதிரி எடு" என்றான். பிறகு பிள்ளையின் படிப்பைப் பற்றிக் கேட்டுவிட்டு வைத்துவிட்டான்.

ரிக்கற் நேற்றுப் போட்டேன். மாற்றவோ காசு திருப்பி எடுக்கவோ முடியாத மலிவு ரிக்கற். மனிசி என் பழைய ஜக்கெற்றின் கிழிந்த உள்பொக்கற்றைத் தைத்துக்கொண்டிருக்கிறா. இரண்டு பற்றறியும் கொள்ளுமா என்று வைத்து அளந்து பார்த்தா. ஞாயிறு வானம் திறக்கவேணும்.